தலைக்கோலும் பட்டமும்: பல்கலைக்கழக ஆடற்கல்வியின் சொல்வரலாறு

முன்னுரை

ஒரு கலையைத் தொழிலாகக் கொள்ளும் தகுதி ஒருவருக்கு உண்டு என்பதை அறிவிப்பவர் யார், எந்தச் சொல்லால் அறிவிக்கிறார் என்பது அக்கலையின் வரலாற்றில் முதன்மையான வினாவாகும். ஆடற்கலையைப் பொறுத்தவரை இவ்வறிவிப்பை அரசன், கோயில், ஆசான், சபை, பல்கலைக்கழகம் என வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு காலங்களில் செய்துவந்துள்ளன. அமைப்பு மாறியபோதெல்லாம் தகுதியைக் குறிக்கும் சொல்லும் மாறியது. தகுதி என்பதன் பொருளும் மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆடல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாயிற்று. இந்நிகழ்வு பெரும்பாலும் கலை மறுமலர்ச்சி வரலாற்றின் ஒரு பகுதியாகவே பேசப்படுகிறது. மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகவும் அதனைக் காண இடமுண்டு. வாய்ச்சொல்லாலும் உடலாலும் கற்பிக்கப்பட்ட ஒரு துறை பாடத்திட்டம், வினாத்தாள், ஆய்வேடு ஆகிய எழுத்து வடிவங்களுக்குள் புகுந்தபோது அதன் சொற்களுள் சில பின்தள்ளப்பட்டன. சில பொருள் சுருங்கின. சில பொருள் மாறின. அச்சொற்களைக் காத்துவந்தோரும் அவற்றைக் கற்பிக்கும் பதவியைப் பெற்றோரும் பெரும்பாலும் வெவ்வேறு மக்களாயினர். தஞ்சாவூரிலிருந்து பரோடாவிற்குச் சென்று அங்கே பல்கலைக்கழகப் பாடமான ஆடல் மரபை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தலைக்கோலும் பங்கும்

தொழில்முறை ஆடற்பயிற்சியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் விரிவான பழஞ்செய்தி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ளது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய புலமையைக் காப்பியம் தனித்தனியே வரையறுக்கிறது. அரங்கின் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என்பதும் கூறப்படுகிறது. நிகழ்ச்சியின் முடிவில் அரசன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் வழங்குகிறான். கற்பிப்போரின் தகுதி, கற்கும் காலம், தேர்வுக்களம், தேர்வுக்குப் பின் கிடைக்கும் பெயர், அப்பெயருக்கு உரிய பொருள்வருவாய் ஆகிய ஐந்தும் ஒரே காதையில் இணைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. இங்குத் தகுதியின் சான்று ஆட்டமே. அதனைப் பற்றிய விளக்கம் அன்று.

தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டு மற்றோர் ஏற்பாட்டைக் காட்டுகிறது. பல தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. நட்டுவம் செய்வோருக்கும் பங்குகள் உண்டு. பங்குடையவர் இறந்தாலோ ஊர்விட்டுச் சென்றாலோ அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்யவேண்டும். அவ்வுறவினர் தகுதியுடையவர் அல்லராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்தவேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. பிறப்பால் வரும் உரிமையையும் பயிற்சியால் வரும் தகுதியையும் ஒருசேர எண்ணி இரண்டுக்கும் இடம்வைத்த விதி இது. பிற்காலப் பல்கலைக்கழக விதிகளோடு ஒப்பிடுவதற்கு உரியது.

சின்னமேளத்தின் மொழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் சரபோசியின் ஆட்சிக்காலத்தில் (1798–1832), தஞ்சை அரண்மனையைச் சார்ந்திருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினர். அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை அவர்தம் மரபில் நிலைபெற்றது. ஆடுமகளிரும் நட்டுவனாரும் பக்க இசைஞரும் அடங்கிய குழு நாகசுரக் குழுவான பெரியமேளத்தினின்று வேறுபடுத்திச் சின்னமேளம் எனப்பட்டது.

இக்குழுவின் மொழிநிலை ஒருமொழி நிலை அன்று. பாடப்பட்ட வர்ணங்களும் பதங்களும் பெரும்பாலும் தெலுங்கு, தமிழ் உருப்படிகளும் உண்டு, அரண்மனையின் மொழி மராத்தி, நூல்மொழி சமற்கிருதம். ஆனால் கூடத்தில் கட்டளையிடவும் திருத்தவும் பயன்பட்ட மொழி தமிழ். இந்த வேறுபாட்டைத் தஞ்சை மன்னர் துளசா (1728–1736) இயற்றிய சங்கீத சாராமிர்தமே காட்டுகிறது. அந்நூல் அடவுகளுக்குச் சமற்கிருதப் பெயர்களைத் தருவதோடு வழக்கிலிருந்த நாட்டுப் பெயர்களையும் உடன் குறிக்கிறது. நூற்பெயரும் தொழிற்பெயரும் அருகருகே நின்ற அந்நிலை பிற்காலத்தில் நீடிக்கவில்லை.

தஞ்சையிலிருந்து பரோடாவிற்கு

1880இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாசிராவ் கெய்க்வாடுக்கும் தஞ்சை மராத்திய அரச குடும்பத்து இளவரசிக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணப்பெண்ணுடன் அனுப்பப்பட்ட சீரின் ஒரு பகுதியாகத் தஞ்சையிலிருந்து ஓர் ஆடற்குழு பரோடா சென்றது. கௌரி, காந்திமதி ஆகிய ஆடுமகளிரும் நட்டுவனாரும் இசைஞரும் அக்குழுவில் இருந்தனர். அரண்மனையின் கலைஞர் துறையில் ஊதியம் பெறும் பணியாளராக அவர்கள் அமர்ந்தனர். கோயிற் பங்கு ஒழிந்து அரசுச் சம்பளம் என்ற முறை இங்கு ஏற்பட்டது.

காந்திமதியின் மகன் குபேரநாத், தாயிடமும் தமிழ்நாட்டு நட்டுவனார்களிடமும் பயின்றவர். அவருடைய பெயர் ‘தஞ்சோர்கர்’ என்ற பின்னொட்டோடு வழங்கலாயிற்று. ஊர்ப்பெயருடன் ‘கர்’ சேர்த்துக் குடும்பப்பெயர் ஆக்குவது மராத்தி மரபு. தமிழ் பேசும் ஆடற்குடும்பம் ஒன்று குசராத்தி வழங்கும் நிலத்தில், மராத்தி இலக்கண வடிவில், தன் ஊரைப் பெயராகச் சுமந்தது. தஞ்சாவூரில் எவருக்கும் ‘தஞ்சாவூரார்’ என்ற பெயர் தேவைப்படாது. அயலிடத்தில்தான் ஊர் அடையாளமாகிறது. அவ்வாறே தஞ்சையில் சதிர் எனப்பட்டது பரோடாவில் ‘தஞ்சாவூர் ஆட்டம்’ ஆயிற்று.

சயாசிராவ் 1886இல் மௌலா பக்‌ஷின் பொறுப்பில் இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இசையை வகுப்பு, பாடநூல், தேர்வு ஆகியவற்றின் வழியே கற்பிக்க இந்தியாவில் நடந்த முன்முயற்சிகளுள் அது ஒன்று. 1949இல் மகாராசா சயாசிராவ் பல்கலைக்கழகம் உருவானபோது அந்த இசைப்பள்ளி வழிவந்த நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்வியாளர் ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்த அத்தொடக்க ஆண்டுகளில் இசையோடு நடனமும் நாடகமும் பட்டப்பாடங்களாயின. குபேரநாத் தஞ்சோர்கர் அங்கு ஆசிரியரானார். அரண்மனை ஆடுமகளின் மகன் பல்கலைக்கழக ஆசிரியரானது அக்காலத்தில் இயன்றது; பட்டம் பெற்றவர்கள் இல்லாத துறையில் பட்டம் உள்ள ஆசிரியரைத் தேட இயலாது என்பது அதற்கான எளிய காரணம்.

பரோடாவைத் தொடர்ந்து கைராகர் இந்திரா கலா சங்கீத விசுவவித்தியாலயம் (1956), கல்கத்தா ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் (1962), ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோசினி நாயுடு கலைப்பள்ளி (1988) முதலியவை உயர்கல்வியில் நிகழ்த்துகலைகளுக்கு இடமளித்தன. இதே காலத்தில் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவை வேறு வகையின. 1930களின் தொடக்கத்தில் சென்னை சங்கீத வித்வத் சபையின் முயற்சியால் பரதநாட்டியம் என்ற பெயர் பரவியது. 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அச்சட்டம் பெண்களைச் சுரண்டலினின்று காக்க எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆடலைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் அமைவதற்கு முன்பே பழைய தொழிலின் பெயர் இழிவுக்குரியதாயிற்று. ‘தொழில்முறை ஆட்டக்காரி’ என்பது வசைச்சொல்லான அதே தலைமுறையில் ‘நடன ஆசிரியை’ என்பது மதிப்புக்குரிய பணியாயிற்று. பட்டம் இந்த இரண்டாவது பெயருக்கே வலுவூட்டியது.

ஏவல்வினையிலிருந்து கலைச்சொல்லுக்கு

பாடத்திட்டத்திற்குள் புகுந்த சொற்களின் நிலையை அடவுப் பெயர்களைக் கொண்டு ஆராயலாம். தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு, தட்டிமெட்டு, சறுக்கல், பரவல், மண்டி ஆகியவற்றுள் பெரும்பான்மை வினையடியாகப் பிறந்தவை. தட்டுதல் உள்ளங்காலால் அடித்தல். நாட்டுதல் குதிகாலை ஊன்றுதல். குதித்துமெட்டு நுனிக்காலில் குதித்துப் பின் குதிகாலால் தாக்குதல். தமிழ் அறிந்த மாணவருக்கு அடவின் பெயரே அதனைச் செய்யும் முறையாகும். ஆசான் பெயரைச் சொன்னால் அது ஏவலாகவும் அமைகிறது.

பரோடாவில் குசராத்தி, மராத்தி, இந்தி பேசும் மாணவர்க்கு இப்பெயர்கள் கற்பிக்கப்பட்டபோது ஒலி சென்றது; வினை செல்லவில்லை. ‘நாட்டு’ என்பதன் நெடில் உரோமன் எழுத்தில் குறியின்றி எழுதப்படுகையில் மறைகிறது. மறைந்தபின் அச்சொல்லை ‘நட்டுவம்’, ‘நாட்டியம்’ ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி விளக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. சொல்லின் உட்பொருள் மறைந்த இடத்தில் மாணவர் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு பெயர்ப்பட்டியலே எஞ்சுகிறது. மொழிபெயர்ப்பாளர் இங்குச் செய்யத்தக்கது பெயரை ஒலிபெயர்த்து விடுவதோடு அமையாமல் அதன் வினைப்பொருளையும் உடன் தருவதே.

சொற்கட்டுகளின் நிலை இதற்கு மறுதலையானது. தமிழ் எழுத்து ஒலிப்புடை ஒலிகளுக்கும் மூச்சொலிகளுக்கும் தனிவடிவம் கொண்டிருக்கவில்லை. ‘தகதிமி’ என்று எழுதியதை எவ்வாறு ஒலிப்பது என்பது ஆசானின் வாயிலிருந்தே அறியப்பட்டது. நாகரி, குசராத்தி எழுத்துகளில் எழுதும்போது ஒவ்வொரு தகரத்திற்கும் நான்கனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். எழுதுபவர் தாம் கேட்ட நட்டுவனாரின் ஒலிப்பையோ, தமக்குப் பழகிய வடநாட்டுத் தாளச்சொற்களின் ஒலிப்பையோ பின்பற்றுவார். தமிழ் எழுத்து திறந்துவைத்திருந்த ஒன்றை மற்ற எழுத்து முடிவுசெய்துவிடுகிறது. அம்முடிவு பாடநூலில் அச்சாகிவிட்டால் அதுவே சரியான வடிவமாகிறது.

தேர்வில் எது சரியான விடை என்பதைப் பாடநூலாக அமையும் நூலே வரையறுக்கிறது என்பதற்குக் கைவகைகள் சான்று. நாட்டிய சாத்திரம் ஒற்றைக்கை 24, இரட்டைக்கை 13 என்கிறது. அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை 28 என்கிறது. சிலப்பதிகாரத்திற்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் பிண்டி 33, பிணையல் 15 என்று கணக்கிடுகிறார். அபிநய தர்ப்பணத்தை ஆனந்த குமாரசுவாமி, துக்கிரால கோபாலகிருட்டிணையாவுடன் சேர்ந்து 1917இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மனோமோகன் கோசின் பதிப்பு 1934இல் வந்தது. ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைத்த நூல் பாடநூலாயிற்று. அதனால் ஒற்றைக்கை எத்தனை என்ற வினாவிற்கு 28 என்பது இந்தியா முழுவதும் விடையாயிற்று. அடியார்க்குநல்லார் உரை தமிழிலக்கிய வகுப்பிலேயே தங்கிவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பு ஒரு துறையின் அறிவெல்லையை எவ்வாறு வகுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

பொருள் மாறிய மூன்று சொற்கள்

முதலாவது, நட்டுவாங்கம். முன்பு இது நட்டுவனாரின் தொழில் முழுமையையும் சுட்டியது. பயிற்றுதல், உருப்படி அமைத்தல், கச்சேரி நடத்துதல் எல்லாம் அதனுள் அடங்கின. பாடத்திட்டத்தில் அது தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லும் திறனைக் குறிக்கும் ஒரு தாளின் பெயராகச் சுருங்கியது. உருப்படி அமைக்கும் பகுதி ‘நடன அமைப்பு’ என்ற புதுப்பெயரோடு வேறொரு தாளாயிற்று. ஒருவர் செய்த தொழில் இரு பாடங்களாகப் பிரிந்தது.

இரண்டாவது, அரங்கேற்றம். மாதவிக்கு அது தொழிலின் தொடக்கம். சின்னமேளத்தாருக்கும் அவ்வாறே. இன்று பல குடும்பங்களில் அது பள்ளிப்பருவத்தோடு முடியும் கல்வியின் நிறைவு விழாவாக உள்ளது. தொடக்கத்தைச் சுட்டிய சொல் முடிவைச் சுட்டுவதாயிற்று. இவ்விடைவெளியைத்தான் பட்டப்படிப்பு நிரப்ப முயல்கிறது எனலாம். அரங்கேற்றத்திற்குப் பின்னும் கற்க விரும்புவோர்க்கு அதுவே பொதுவழியாக உள்ளது.

மூன்றாவது, தீர்மானம். நட்டுவனார் வழக்கில் இது சதிக்கோவையை முடித்துவைக்கும் அடவுத்தொகுதி. பொதுத்தமிழில் முடிவுசெய்தல். துறை அறியாத மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் பொருளைக் கொண்டு வழுவ இடமுண்டு. உருப்படி, கை, பிடி ஆகியவையும் இத்தகையன. பொதுச்சொல் தொழிற்சொல்லாக வழங்கும் இடங்களே அகராதிகளில் விடுபடுவன என்பதை நினைவிற்கொள்ளவேண்டும்.

பட்டமும் தொழிலும்

பட்டம் எந்தத் தொழிலுக்கு ஆயத்தம் செய்கிறது என்ற வினா இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1926இல் நடனத்தைப் பட்டப்பாடமாக்கியபோது அதனை வடிவமைத்த மார்கரெட் ஹெச்டௌப்ளர், மேடைக்கலைஞரை உருவாக்குவதைத் தம் நோக்கமாகக் கொள்ளவில்லை. உடல், உள்ளம் ஆகியவற்றின் கல்வியாகவே நடனத்தைக் கண்டார். மேடைக்கும் வகுப்பறைக்கும் உள்ள இழுபறி பல்கலைக்கழக நடனத்தோடு பிறந்தது எனலாம்.

இந்தியாவில் தூர்தர்ஷன் தரநிலைக்குத் தேர்வுக்குழுவின்முன் ஆடிக்காட்டுதலே அடிப்படை, பட்டம் அன்று. சபைகளும் பட்டம் கேட்பதில்லை. மேடை வருவாயிலிருந்து பாடுவோர், நட்டுவாங்கம் செய்வோர், மிருதங்கம் வாசிப்போர் ஆகியோர்க்குரிய பங்கையும் ஆடுபவரே தரவேண்டியுள்ளது. ஆகவே நிலையான வருவாய் தேடுவோர் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் பணிகளை நாடுகின்றனர். அவற்றிற்கு முதுநிலைப் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் ஆகியவை வேண்டப்படுகின்றன. சுருங்கக்கூறின், பட்டம் ஆயத்தம் செய்யும் தொழில் ஆடுதல் அன்று. ஆடலைப் பற்றிப் பேசுதலும் எழுதுதலும் கற்பித்தலுமே.

இதனைக் குறையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பிறப்பால் வாராத பலருக்கு இவ்வழி திறந்தது. சி. வி. சந்திரசேகர் (1935–2024) கலாக்ஷேத்திரத்தில் பயின்றவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின் 1980 முதல் 1992 வரை பரோடாவில் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் புலமுதன்மையராகவும் விளங்கினார். முதுமையிலும் மேடையில் ஆடினார். வகுப்பறையும் மேடையும் ஒருவரிடத்தே கூடியமைந்ததற்கு அவர் சான்று.

மறுபுறம், தஞ்சை மரபின் இசைக்குடும்பத்தில் பிறந்த பாலசரசுவதி (1918–1984) பட்டப்படிப்புப் படித்தவர் அல்லர். எனினும் 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. படித்துப் பெறும் பட்டம் இல்லாதவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கிய பல்கலைக்கழக உலகம், அவரையொத்த பெயரறியாப் பலருக்கு ஆசிரியப் பணி வழங்க வழிவைத்ததா என்பதே இங்கு எழும் வினா.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் இதற்கு ஒரு வழி உண்டு. புகழ்பெற்ற மரபாசானிடம் பயின்ற, வானொலி அல்லது தூர்தர்ஷனின் ‘ஏ’ தரம் பெற்ற கலைஞர், முதுநிலைப் பட்டமின்றியும் உதவிப் பேராசிரியராகலாம். ஆயின் அவர் இளநிலைப் பட்டம் உடையவராயிருத்தல் வேண்டும். பாடத்தைத் தருக்க முறையில் விளக்கும் ஆற்றலும் வேண்டும். இராசராசன் விதி உரிமையுடையவரிடம் தகுதியைத் தேடியது. இவ்விதி தகுதியுடையவரிடம் பட்டத்தையும் விளக்கும் மொழியையும் தேடுகிறது. எந்த மொழியில் விளக்குவது என்பது விதியில் இல்லை. நடைமுறையில் அது ஆங்கிலமாகவோ நூல்வழக்காகவோ அமையுமானால், ‘நாட்டு, தட்டு, மெட்டு’ என்று ஏவிக் கற்பித்த நட்டுவனார் தம் சொற்களாலேயே தோல்வியுறுவார்.

முடிவுரை

பல்கலைக்கழகம் ஆடலுக்கு மதிப்பளித்தது. பிறப்பின் எல்லையைத் தளர்த்தியது. ஒப்பீட்டு ஆய்வுக்கு வழிவகுத்தது. அதே வேளையில் தகுதியின் சான்றை ஆட்டத்திலிருந்து மொழிக்கு மாற்றியது. அம்மொழியும் ஆடற்கூடத்தின் மொழி அன்று. பரோடாவின் முதல் தலைமுறையில் இவ்விரண்டும் ஒருவரிடத்தே சந்தித்தன. பட்டம் பெற்றவர் பெருகியபின் பிரிந்தன.

இந்நிலையில் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யத்தக்கன சில உண்டு. நட்டுவனார் மரபில் எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து தொழிற்சொற்களை ஒலிப்பதிவோடு தொகுத்தல் முதற்பணி. தொகுக்கும்போது சொல்லை மட்டுமன்றி அது சொல்லப்படும் ஏவல் வாக்கியத்தையும், உடன் நிகழும் உடலசைவையும் பதிவுசெய்தல் வேண்டும். கலைச்சொல் அகராதிகளில் இச்சொற்கள் சமற்கிருதச் சொற்களுக்கு விளக்கமாக அமையாமல் தலைச்சொற்களாகவே இடம்பெறுதல் வேண்டும். சொற்கட்டுகளைப் பிற எழுத்துகளில் எழுதும்போது எவருடைய ஒலிப்பு பின்பற்றப்பட்டது என்பதைக் குறித்தல் வேண்டும். தகவலாளராக அமையும் நட்டுவனாரின் பெயர் நூலில் இடம்பெறுதலும், அவர் உழைப்புக்கு ஊதியம் தரப்படுதலும் ஆய்வறத்தின்பாற்பட்டவை. தலைக்கோலோடு பொன்னும் வழங்கப்பட்டதைக் கூறும் காப்பியத்தைப் பாடமாக வைக்கும் துறைக்கு இது புதிய செய்தி அன்று.